கிளிஸ்: வழியின் மேல் ஒரு கோட்டை

கோட்டைகளில் பல வகை உண்டு. அரசன் குடியிருக்கக் கட்டியது ஒன்று, பண்டகசாலையைக் காக்கக் கட்டியது ஒன்று, ஊரை வளைத்துக் கட்டியது இன்னொன்று. கணவாய்க் கோட்டை இவற்றில் எதிலும் சேராது. கொள்ளையடிக்கத்தக்க பொருள் அதற்குள் பெரும்பாலும் இருப்பதில்லை. அது காப்பது தனக்கு வெளியே, கீழே, யார் யாரோ நடந்து போகும் ஒரு வழியை. அந்த வழியில் அது ஓரடிகூட நடப்பதில்லை. ஆனால் அதன் பிறப்பும் வாழ்வும் சாவும் அந்த வழியால்தான் தீர்மானமாகின்றன.

குரோஷியாவின் அட்ரியாடிக் கரையில் ஸ்ப்ளிட் நகரத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் கிளிஸ் அப்படிப்பட்ட கோட்டை. கடற்கரைக்கு இணையாக ஓடிவரும் சுண்ணாம்புக்கல் மலைவரிசை அங்கே ஓரிடத்தில் அறுபடுகிறது. மேற்கே கோஸ்யாக் மலை, கிழக்கே மோசோர் மலை. இரண்டுக்கும் நடுவில் தாழ்ந்த ஒரு வாய். அந்த வாயில், கடல்மட்டத்துக்குச் சுமார் 360 மீட்டர் உயரத்தில், ஒடுங்கி நீண்ட ஒரு பாறை முதுகு எழுந்து நிற்கிறது. கோட்டை அதன் மேல் இருக்கிறது. பாறை எப்படி நெளிகிறதோ அப்படியே மதிலும் நெளிகிறது. போஸ்னியாவிலிருந்தும் அதற்கப்பால் தன்யூப் சமவெளியிலிருந்தும் இந்தக் கடலுக்கு இறங்குகிறவனுக்கு இந்தப் பாறையின் காலடியே வாசல். மேலே நிற்பவனுக்குத் தெற்கே சோலினும் ஸ்ப்ளிட்டும் தீவுகளும் தெரியும். வடக்கே திரும்பினால், வருகிறவன் யாரென்று தெரியும்.

இப்படியொரு இடத்தைப் பார்த்ததும் ‘அசைக்க முடியாத கோட்டை’ என்று சொல்லத் தோன்றும். சுற்றுலாக் கையேடுகள் சொல்லவும் செய்கின்றன. ஆனால் கிளிஸின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. ஆயிரம் ஆண்டுகளில் அது பலமுறை கைமாறியிருக்கிறது. அவற்றில் மதில் இடிந்து கைமாறியதைவிட வேறு வழிகளில் கைமாறியதே அதிகம். பாறை தோற்றதில்லை. பாறைமேல் இருந்தவர்களின் வயிறும் தொண்டையும் நம்பிக்கையும் தோற்றன. அந்தத் தோல்விகளின் வேர் கோட்டைக்குள் இருந்ததாகவும் சொல்ல முடியாது.

*

கிளிஸ் கைமாறிய கதைகளில் மிகப் பழையதைச் சொன்னவர் ஒரு பேரரசர். பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் தன் மகன் ரொமானோஸுக்காக ஆட்சிமுறை பற்றி ஒரு நூல் தொகுத்தார். எந்த மக்களோடு எப்படிப் பழகுவது, யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று தந்தை மகனுக்குச் சொல்லும் நூல் அது. அதில் சலோனா வீழ்ந்த கதை வருகிறது.

சலோனா, ரோமானிய தல்மாத்தியா மாகாணத்தின் தலைநகரம். இன்றைய சோலின் இருக்கும் இடத்தில், கிளிஸுக்கு நேர் கீழே இருந்தது. எல்லைக் காவலுக்காக ஆண்டுதோறும் ஆயிரம் குதிரைவீரர்கள் அங்கிருந்து கிளிஸ் வழியாகத் தன்யூப் ஆறு வரை போய்வருவார்கள் என்கிறார் கான்ஸ்டன்டைன். ஆற்றின் அக்கரையில் இருந்தவர்களை அந்த வீரர்கள் சூறையாடினார்கள். அடிபட்டவர்கள் அடுத்தமுறை பதுங்கியிருந்து அவர்களை மடக்கினார்கள். பிறகு அவர்களுடைய உடையை உடுத்து, ஆயுதங்களை எடுத்து, கொடிகளைப் பிடித்து, அவர்கள் வழக்கமாக ஊர் திரும்பும் நாளில் கணவாய்க்கு வந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை அது. தன் ஆட்கள் வருகிறார்கள் என்று காவல் வழிவிட்டது. முதலில் கிளிஸ் போனது, பிறகு சலோனா போனது.

7ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது இப்படியேதான் நடந்தது என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. சலோனா ஒரே நாளில் அழிந்த நகரமல்ல. மெல்லத் தேய்ந்த நகரம் என்பதே தொல்லியல் காட்டுவது. ஆனாலும் அந்தக் கதையை நான் பொய் என்று தள்ளமாட்டேன். நூற்றாண்டுகள் கழித்துத் தலைநகரில் உட்கார்ந்து எழுதிய ஒரு பேரரசருக்கும் கணவாய்க் காவலின் நோய் என்னவென்று தெரிந்திருக்கிறது. காவல்காரன் பகைவனை எதிர்பார்த்து நிற்கிறான். தன் ஆள் வரும்போது கதவைத் திறக்கவும் அவனே நிற்கிறான். திறக்கவே திறக்காத வாசல் கணவாய்க்குப் பயன்படாது; அதைச் சுவர் என்றே சொல்லிவிடலாம். வாசல் என்று இருந்தால் யாருக்குத் திறப்பது என்ற கேள்வி உண்டு. ஆபத்து அந்தக் கேள்வியின் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

கதையில் இன்னொன்றும் இருக்கிறது. தொடங்கிவைத்தவர்கள் சலோனாவின் வீரர்கள். கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போய் அடித்தவர்கள் அவர்கள்தான். அடி அதே வழியாகத் திரும்பி வந்தது. தன் மகன் படிக்க வேண்டிய நூலில் பேரரசர் இதை மறைக்காமல் எழுதியிருப்பதை நாமும் மறக்காமல் படிக்கலாம்.

சலோனாவிலிருந்து தப்பியவர்கள் தீவுகளுக்கு ஓடினார்கள். பிறகு, ஓய்வுபெற்ற பேரரசர் டயோக்ளீஷியன் தன் முதுமைக்காகக் கட்டியிருந்த அரண்மனைக்குள் குடியேறினார்கள். அரண்மனைச் சுவர்களுக்குள் வீடுகள் முளைத்து அது ஒரு நகரம் ஆயிற்று. ஸ்ப்ளிட் பிறந்தது அப்படி. மேலே ஒரு கோட்டை விழுந்ததால் கீழே ஒரு நகரம் உண்டாயிற்று என்று கான்ஸ்டன்டைனின் கதையைச் சுருக்கலாம்.

*

அடுத்து வந்தவர்கள் குரோஷியக் கோமகன்கள். 9ஆம் நூற்றாண்டில் மிஸ்லாவும் அவருக்குப் பின் த்ர்பிமீரும் கிளிஸைத் தங்கள் இருக்கைகளில் ஒன்றாக வைத்திருந்தார்கள். கிளிஸுக்கும் சோலினுக்கும் இடையே ரிஜினிட்சே என்ற இடத்தில் த்ர்பிமீர் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு மடம் அமைத்துக் கொடுத்தார். அவர் பெயர் பொறித்த கல்துண்டு ஒன்று 1891இல் அங்கே கிடைத்தது. கடலோர நகரங்களில் லத்தீன் பேசுபவர்கள், மலைக்கு மேலே ஸ்லாவ் மொழி பேசும் தலைவன், நடுவில் துறவிகள் என்று இருந்த காலம் அது. கணவாய் அப்போது பகையின் கோடாக இல்லை, பண்டமாற்றின் முற்றமாக இருந்தது. கோட்டைகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட நூற்றாண்டுகளைப் பற்றி எழுத அதிகம் கிடைப்பதில்லை. அதுவே அந்த நூற்றாண்டுகளுக்குப் பெருமை.

1102க்குப் பிறகு குரோஷியாவும் ஹங்கேரியும் ஒரே மகுடத்தின் கீழ் வந்தன. 13ஆம் நூற்றாண்டில் அந்த மகுடமே கிளிஸுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டிவந்தது.

1241 ஏப்ரல் 11 அன்று மோஹி சமவெளியில் மங்கோலியர்கள் ஹங்கேரியப் படையை நொறுக்கினார்கள். அரசர் நான்காம் பேலா உயிர்தப்பித் தெற்கே கடலை நோக்கி ஓடினார். கருவுற்றிருந்த அரசி மரியா லஸ்கரினாவும் குழந்தைகளும் முன்னரே கரைக்கு வந்துவிட்டார்கள். ஸ்ப்ளிட் நகரத்துப் பெரியவர்கள் பரிசுகளோடு போய் நகருக்குள் வந்து தங்கும்படி அழைத்தும் அரசி இணங்கவில்லை. கிளிஸைத் தேர்ந்துகொண்டார். 1242 ஜனவரியில் அங்கே ஒரு பெண்குழந்தை பிறந்தது. நாடு தப்பினால் இந்தக் குழந்தையை இறைவனுக்குத் தருவதாகப் பெற்றோர் நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். அவர்தான் துறவியாகி, 1943இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஹங்கேரியின் மார்கரெட்.

மங்கோலியர் துரத்தி வந்த காட்சியை எழுதியவர் ஸ்ப்ளிட் திருச்சபையின் ஆர்ச்டீக்கன் தோமா. கண்ணால் கண்டவர். அகதிகள் நிரம்பி நகரத்தின் சந்துகளில்கூட இடமில்லாமல் மக்கள் வெட்டவெளியில் படுத்துக்கிடந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். மங்கோலியப் பேரரசர் ஓகதேயின் மகன் கதான் தலைமையில் வந்தவர்கள் அரசர் கிளிஸில் இருக்கிறார் என்று நினைத்தார்கள். குதிரை ஏற முடியாத சரிவு. இறங்கி, கைகளால் பாறையைப் பற்றி ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் பெருங்கற்களை உருட்டினார்கள். சிலர் மாண்டார்கள்; மற்றவர்கள் மதில்வரை வந்து வெளியே இருந்த வீடுகளைச் சூறையாடினார்கள். அரசர் அங்கே இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு த்ரோகிர் நகரத்தை நோக்கிப் போனார்கள். அவர்கள் அந்தக் கரையில் நெடுநாள் தங்கவுமில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அத்தனை குதிரைகளுக்கும் புல் போதாது என்கிறார் தோமா.

உலகத்தின் பாதியை மிதித்த படை புல்லில்லாமல் திரும்புகிறது. வீரத்தைப் பாட விரும்புகிறவருக்கு இது ஏமாற்றமான வரி. ஆனால் படைகளைப் பற்றித் தோமா எழுதியவற்றில் இதைவிடத் துல்லியமான வரி என் கண்ணில் படவில்லை. கிளிஸ் அந்தமுறை தப்பியதற்கு உருட்டிய கல் ஒரு காரணம், தேடிய ஆள் உள்ளே இல்லாதது இன்னொரு காரணம், முளைக்காத புல் மூன்றாவது காரணம். வெற்றியைப் பங்கிடும்போது கல்லுக்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

அரசகுடும்பத்துக்கும் அது முழு வெற்றியாக அமையவில்லை. பேலாவின் இரண்டு மகள்கள், கத்தரீனும் இன்னொரு மார்கரெட்டும், அந்த ஆண்டே கிளிஸில் இறந்தார்கள். பகைவன் ஏற முடியாத இடத்திலும் சாவு ஏறிவிட்டது. ஸ்ப்ளிட் பேராலயத்தில் அவர்களை அடக்கம் செய்தார்கள். நாடு திரும்பிய பேலா மலைகள்மேல் கல்கோட்டைகளைக் கட்டும்படி பிரபுக்களைத் தூண்டினார். மண்மேடும் மரவேலியும் மங்கோலியர் முன் நிற்கவில்லை, கல் நின்றது என்பது அவர் கற்ற பாடம். பாடம் சரிதான். ஆனால் கல்லுக்குள் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்பது பாடத்தின் மறுபாதி. அதைக் கற்றுக்கொள்ளும் முறை இன்னும் முந்நூறு ஆண்டுகள் கழித்து வந்தது.

*

1463இல் போஸ்னியா ஒட்டோமன் பேரரசின் கைக்குப் போனது. அதன்பின் கிளிஸ் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. 1519இல் போப் பத்தாம் லியோ குரோஷியாவைக் கிறித்தவ உலகின் முன்மதில் என்று புகழ்ந்தார். முன்மதில் என்று பெயர் வாங்கியவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் நன்றி சொல்வார்கள். உணவு அனுப்புவார்களா என்பது வேறு விஷயம். 1522இல் அண்டைக் கோட்டைகளான க்னின் போனது, ஸ்க்ராதின் போனது. கிளிஸ் மட்டும் தனித்தீவாக நின்றது.

அங்கே தளபதியாக இருந்தவர் பெதார் க்ருஜிச். ஒட்டோமன் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளிலிருந்து தப்பிவந்தவர்கள் அவரிடம் சேர்ந்தார்கள். அவர்களுக்கு உஸ்கோக்குகள் என்று பெயர். வீடு இழந்தவர்கள், நிலம் இழந்தவர்கள், எல்லைக்கு அப்பால் போய் அடித்துவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவர்கள். கால் நூற்றாண்டுக் காலம் க்ருஜிச் இவர்களை வைத்து கிளிஸை நடத்தினார். 1524இல் கோட்டை முற்றுகைக்குள் இருந்தபோது வெளியிலிருந்து கடல் வழியாகப் படை கொண்டுவந்து முற்றுகையை உடைத்தார். வடக்கே சென் என்ற துறைமுக ஊருக்கும் அவரே தளபதி. அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் மதில்மேல் நின்று வாள் சுழற்றியதைவிடக் கப்பலேறி யார் யாரிடமோ போய் ஆளும் பணமும் தானியமும் கேட்டதே அதிகம். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற தர்மகர்த்தாவைப் போல அவர் அலைந்திருக்கிறார்.

கேட்கப்பட்டவர்களுக்கு ஆயிரம் வேலைகள். 1526இல் மோகாச் போரில் ஹங்கேரி அரசர் இரண்டாம் லூயி இறந்தார். 1527இல் குரோஷியப் பிரபுக்கள் ஆஸ்திரியாவின் ஃபெர்டினாந்தைத் தங்கள் அரசராகத் தேர்ந்தார்கள். ஃபெர்டினாந்துக்கு ஹங்கேரி மகுடத்துக்காக இன்னொருவரோடு சண்டை, அதோடு 1529இல் வியன்னா வாசலிலேயே சுல்தான். கீழே ஸ்ப்ளிட் வெனிஸ் குடியரசின் கையில். வெனிஸ் அப்போது ஒட்டோமனுடன் சமாதானம் காத்துவந்தது. ஒரு மலைக்கோட்டைக்காக அதைக் கெடுத்துக்கொள்ள அது தயாராக இல்லை. ஆக, கிளிஸின் காலடியில் இருந்த நகரம் கிறித்தவ நகரமாக இருந்தும் கிளிஸுக்கு உதவும் நகரமாக இல்லை.

இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளிஸ் பக்கத்தில், மோசோர் மலையின் அடிவாரத்தில், யாத்ரோ ஆறு பிறக்கிறது. டயோக்ளீஷியன் தன் அரண்மனைக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் கட்டி இந்த ஊற்றிலிருந்துதான் தண்ணீர் கொண்டுபோனார். 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கால்வாயைச் செப்பனிட்டு மீண்டும் ஓடவிட்டார்கள். ஸ்ப்ளிட் இன்றும் யாத்ரோவின் நீரைக் குடிக்கிறது. ஆனால் ஊற்று பிறப்பது மலைக்கு அடியில். பாறைமேல் இருந்தவர்களுக்கு மழைநீரைச் சேர்த்துவைத்த தொட்டிகள்தான் கதி. சுண்ணாம்புக்கல் நிலம் மேலே பெய்யும் மழையை உறிஞ்சி, அடியில் எங்கோ கொண்டுபோய்க் கக்கும் நிலம். ஒரு மாகாணத் தலைநகரையும் ஒரு பேரரசரின் அரண்மனையையும் காப்பாற்றிய நீர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓட, மேலே இருந்தவர்கள் தொட்டியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளுவர் அரணுக்கு உறுப்புகளை எண்ணும்போது மலையை மூன்றாவதாகத்தான் வைத்தார். முதலில் வைத்தது நீரை.

1537இல் முடிவு வந்தது. முற்றுகையிட்டவர் முராத் பெக் தார்திச். அவரும் இதே கரையைச் சேர்ந்தவர், ஷிபெனிக் பக்கத்தில் பிறந்து ஒட்டோமன் படையில் உயர்ந்தவர். எல்லைப் போர்களைப் பற்றிப் பேசும்போது ‘அவர்கள்’, ‘நாம்’ என்று கோடு கிழிப்பது எத்தனை கடினம் என்பதற்கு அவரே போதும். ஃபெர்டினாந்தும் போப்பும் அனுப்பிய உதவிப்படை கடைசியில் வந்தது. க்ருஜிச் அதைக் கூட்டிக்கொண்டு சோலின் அருகே கரையிறங்கினார். கிளிஸிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம் அது. அந்தப் படை சிதறி ஓடியது. மார்ச் 12 அன்று, பின்வாங்கும்போது க்ருஜிச் கொல்லப்பட்டார். அவர் தலையைக் கம்பில் செருகிக் கோட்டையில் இருந்தவர்களுக்குக் காட்டினார்கள்.

உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். தண்ணீர் இல்லை, தலைவர் இல்லை, இனி யாரும் வரப்போவதில்லை. உயிரோடு வெளியேற விட வேண்டும் என்பது நிபந்தனை. அது நிறைவேறியது. மதில் அப்படியே நின்றது.

*

வெளியேறிய உஸ்கோக்குகள் சென் ஊருக்குப் போனார்கள். அவர்களுடைய பிற்காலக் கதையைக் கோட்டை வரலாறுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நான் விட விரும்பவில்லை. ஆஸ்திரிய அரசு அவர்களை எல்லை வீரர்களாக வைத்துக்கொண்டது. சம்பளத்தை மட்டும் ஒழுங்காகத் தரவில்லை. படகேறினார்கள். முதலில் ஒட்டோமன் பொருள்களைப் பறித்தார்கள். பிறகு ஒட்டோமன் பொருள்களை ஏற்றிய வெனிஸ் கப்பல்களைப் பறித்தார்கள். ஐரோப்பா அவர்களைக் கடற்கொள்ளையர் என்றது. அவர்களால் வெனிஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் 1615இலிருந்து 1617வரை போரே நடந்தது. மாட்ரிட் உடன்படிக்கைக்குப் பின் அவர்களைக் கடற்கரையிலிருந்து கிளப்பி உள்நாட்டில் குடியேற்றினார்கள். வழியைக் காத்தவன் வழிப்பறிக்காரன் ஆனான் என்று இதைச் சொல்வது எளிது. காவலுக்கு வைத்தவர்கள் கூலி கொடுத்தார்களா என்று கேட்டால் கதை வேறு மாதிரித் தெரியும்.

கிளிஸ் ஒட்டோமன் சஞ்சாக் (ஆட்சி மாவட்டம்) ஒன்றுக்குப் பெயர் கொடுத்தது. கோட்டைக்குள் ஒரு மசூதி கட்டினார்கள். சதுரமான சிறு கட்டடம், மேலே ஒரு கும்மட்டம், பக்கத்தில் ஒரு மினாரா. நூற்றுப்பதினொரு ஆண்டுகள் அந்த ஆட்சி நடந்தது. பகைவனின் கையில் கிடந்த இருண்ட காலம் என்று சிலர் இதைத் தாண்டிப் போவார்கள். ஆனால் இந்தக் காலத்தில்தான் கணவாய் தன் பழைய தொழிலுக்குத் திரும்பியது. தானியேல் ரொத்ரிகா என்ற யூத வணிகர் பல ஆண்டுகள் வெனிஸ் ஆட்சியாளர்களிடம் வாதாடி, ஸ்ப்ளிட்டில் பால்கன் வணிகத்துக்கென ஒரு துறையைத் திறக்க வைத்தார். 1590களின் தொடக்கத்தில் அது செயல்படத் தொடங்கியது. போஸ்னியாவிலிருந்து தோலும் கம்பளியும் மெழுகும் ஏற்றிய குதிரைவரிசைகள் இறங்கின. வெனிஸிலிருந்து துணிகள் ஏறின. தொற்றுநோய் வராமல் தடுக்க வணிகர்களும் சரக்கும் தங்கியிருக்க லாசரெத்தோ என்ற காப்பகத்தை ஸ்ப்ளிட் கரையில் கட்டினார்கள். மேலே ஒட்டோமன் கொடி, கீழே வெனிஸ் கொடி. நடுவில் குதிரைக்காரனுக்கு வழி திறந்திருந்தது.

இந்த நேரத்தில், 1596 ஏப்ரலில், இவான் அல்பெர்தி என்ற ஸ்ப்ளிட் பிரபு சில உஸ்கோக்குகளோடும் சுற்றுவட்டார ஆட்களோடும் கிளிஸைக் கைப்பற்றினார். மதிலை இடிக்கவில்லை, உள்ளே இருந்தவர்களின் துணையோடு இரவில் நுழைந்தார்கள். பக்கத்துக் கிறித்தவ வல்லரசான வெனிஸ் மகிழ்ந்திருக்க வேண்டும். அது கலங்கியது. தன் குடிகள் உதவிக்குப் போகக்கூடாது என்று தடுத்தது. ஒட்டோமன் படை திரும்பி வந்தது, அல்பெர்தி கொல்லப்பட்டார், மே மாத இறுதிக்குள் கோட்டை மீண்டும் கைமாறியது.

புறப்பொருள் இலக்கணம் கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞைப் பூவைச் சூட்டியது, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சியைச் சூட்டியது. மதிலுக்குக் கீழே பொதிகுதிரை ஓட்டிப் போகிறவனுக்கு அது எந்தப் பூவையும் வைக்கவில்லை. கிளிஸின் கதையில் உழிஞையும் நொச்சியும் மாறிமாறிச் சூடப்பட்டன. அவற்றின் தலைவிதியை அந்தப் பூவில்லாதவனும் தீர்மானித்தான். 1596இல் வெனிஸ் கணக்குப் பார்த்தது சமயத்தை வைத்து அல்ல, சுங்கத்தை வைத்து. அதைத் துரோகம் என்று எழுதிய அன்றைய ஆட்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். திறந்த வழியால் பிழைத்த போஸ்னியக் குதிரைக்காரனுக்கும் ஸ்ப்ளிட்டின் சுமைகூலிக்கும் அந்த வீரச்செயல் என்ன கொண்டுவந்தது? கோட்டையைப் பிடிக்கிறவன் வழியையும் மூடுகிறான்.

வெனிஸின் கணக்கு மாறியபோது கிளிஸின் விதியும் மாறியது. 1645இல் கிரீட் தீவுக்காக வெனிஸும் ஒட்டோமனும் மோதின. சமாதானத்தில் கிடைத்த லாபம் போனதும் தயக்கமும் போனது. 1648 மார்ச்சில் தளபதி லியோனார்தோ ஃபோஸ்கோலோ பீரங்கிகளோடு கிளிஸை வளைத்தார். அந்த மாத இறுதியில் கோட்டை சரணடைந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் உதவி போவதைத் தடுத்த அதே குடியரசு, தானே அதைப் பிடித்து வெற்றி கொண்டாடியது.

மினாராவை இடித்தார்கள். மசூதியை இடிக்கவில்லை. சிலுவை வைத்துப் புனித வீத்துஸ் தேவாலயம் ஆக்கினார்கள். இன்றும் அந்தக் கும்மட்டத்தைப் பார்க்கலாம். கிளிஸில் கட்டடமாக ஒட்டோமன் காலம் எஞ்சியிருப்பது இதில்தான். வென்றவர்கள் பெருந்தன்மையால் விட்டுவைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கூரை நன்றாக இருந்தது, பாறைமேல் கல் சுமப்பது கடினம். காரணம் எதுவாயினும் விளைவு நல்லது. இந்த ஒரு கட்டடம் இல்லாவிட்டால் நூற்றுப்பதினொரு ஆண்டுகள் அங்கே மனிதர்கள் தொழுதார்கள், பிள்ளை பெற்றார்கள், இறந்தார்கள் என்பதே மறந்துபோயிருக்கும்.

*

கிளிஸை எந்தப் படையும் கொல்லவில்லை. அதைக் கொன்றது ஓர் உடன்படிக்கை. 1718இல் பஸரோவிட்ஸ் ஒப்பந்தப்படி எல்லை வடகிழக்கே தினாரா மலைத்தொடருக்கு நகர்ந்தது. கணவாய் இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் இரு பக்கமும் இப்போது ஒரே ஆட்சி. காப்பதற்கு அங்கே எல்லை இல்லை. வெனிஸ் 1797இல் வீழ்ந்த பிறகு ஆஸ்திரியர், பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஆஸ்திரியர் என்று படைகள் மாறின. வெடிமருந்துக் கிடங்கும் காவலர் கொட்டடியும் கட்டிக்கொண்டு வழக்கமான காவல் வேலையைப் பார்த்தார்கள்.

இன்று அங்கே போகிறவர்களில் பலர் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் மீரீன் என்ற கற்பனை நகரமாகக் கிளிஸைப் பார்த்தவர்கள். டிராகன் பறந்த இடம் எது என்று தேடுகிறார்கள். கீழே சாலையோர உணவகங்களில் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்து நெருப்பின் மேல் சுழற்றுகிறார்கள். கிளிஸ் அதற்குப் பெயர்போன ஊர். ஸ்ப்ளிட்டிலிருந்து சின் நகரத்துக்குப் போகும் லாரிகளும் பேருந்துகளும் கணவாயில் ஏறுகின்றன. யாரும் யாரையும் நிறுத்தி எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை. இதைக் கோட்டையின் வீழ்ச்சி என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணவாய்க்குக் காவல் தேவைப்படாத காலம்தான் கணவாயின் நல்ல காலம்.

க்ருஜிச்சின் வீரத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கால் நூற்றாண்டு ஒரு வறண்ட பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பது சாதாரணக் காரியம் அல்ல. ஆனால் அவருக்குச் சிலை வைத்துப் பாடல் பாடினால் கடன் தீர்ந்துவிட்டதாக நினைப்பதுதான் பிழை. அப்படிப் பாடும்போது, புகழ்ந்துவிட்டுப் படையைத் தாமதமாக அனுப்பியவர்கள், சம்பளம் தராதவர்கள், கீழே இருந்துகொண்டே கைகட்டி நின்றவர்கள் எல்லோரும் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். எல்லையில் நிற்பவனை வீரன் என்று அழைப்பது தலைநகரங்களுக்கு எப்போதும் மலிவான செலவு.

அதனால் அடுத்தமுறை எந்தக் கோட்டையின் வரலாற்றைப் படித்தாலும், மதிலின் உயரத்தையும் தளபதியின் பெயரையும் குறித்துக்கொள்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உதவி அனுப்புவதாகச் சொன்னவர் யார், அது எப்போது வந்தது? அந்த வழி மூடியபோது பிழைப்பை இழந்தவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத கோட்டை வரலாறு கல்லின் வரலாறு மட்டுமே.